புண்ணாக்கையும் சோதியுங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: பாக்கெட் பால் கெடுதல், கண்ணெதிரே கறந்த பால்தான் உடம்புக்கு நல்லது. பாலைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அது பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறது.

ஆலையில் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைக்கிறார்கள். காசநோய்க் கிருமியும் புரூசெல்லா கிருமியும் அதில் சாகின்றன. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைவதில்லை. சில வைட்டமின்கள் சற்றுக் குறையும். வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சும்போது அதைவிடக் கூடுதலாகவே குறையும். ஆவினின் நீல பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6 சதவீதம். இதில் மர்மம் ஏதுமில்லை. பாலைப் பக்குவம் செய்வதே கெடுதல் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 2019இல் புவிசார் குறியீடு பெற்றுத் தந்த பால்கோவாவை என்ன சொல்வது? பாலும் சர்க்கரையும் அடுப்பில் நெடுநேரம் சுண்டிய பண்டம் அது. அதில் நாம் அளவு பார்க்க வேண்டியது சர்க்கரையை.

கவலைப்பட வேண்டிய செய்தி வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தால் ஆபத்தானவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படிப்பட்டவை. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் குறை அதிகம் என்றும் ஆணையம் சொன்னது. அதை மறைத்துவிட்டுப் பாக்கெட் பாலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் இது சூட்டில் உண்டாகும் நஞ்சு அல்ல, தீவனத்தோடு வருவது. ஈரத்தில் கிடந்த கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடிக்கிறது. அதைத் தின்ற மாட்டின் ஈரல் அந்த நஞ்சை வேறு வடிவில் மாற்றிப் பாலில் விடுகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சை உலகம் முதலில் கண்டறிந்தது. ஈரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம். ஆலையில் சூடாக்கினாலும் வீட்டில் காய்ச்சினாலும் இது போகாது. கண்ணெதிரே கறந்தாலும் மாடு நேற்றுத் தின்றது நம் கண்ணுக்குத் தெரியாது.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்கு விலை, கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து போடப்படுகிறது. புண்ணாக்கு மூட்டையை நனையாமல் காத்தவருக்கு அதற்கென்று ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. இங்கேதான் உங்கள் நிர்வாகத்தின் உதவி தேவைப்படுகிறது.

பாக்கெட் பால், சங்கத்துப் பால், சைக்கிளில் வரும் பால், பால்கோவாவுக்குக் கொள்முதலாகும் பால் ஆகிய எல்லாவற்றிலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதிரி எடுக்கட்டும். தீவனக் கடைகளையும் விட வேண்டாம். முடிவுகளை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டச் செய்யுங்கள். பூசணம் பிடித்த தீவனத்தைக் கொட்டிவிடும்படி கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்காரர்களிடம் நேரில் சொல்லட்டும்; ஏழை விவசாயிக்கு அது பெரிய நட்டம் என்பதால், மூட்டைகளை உயர்த்தி அடுக்கப் பலகையும் மூடத் தார்ப்பாயும் மானியத்தில் கொடுங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதை அங்கன்வாடிகள் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.

ஐப்பசி மழையில்தான் தீவனம் அதிகம் நனையும். அதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராஜபாளையத்திலிருந்து ஒரு தாய்