சாண்டரை வாட்டால் அளக்க வேண்டாம்

மரவேலைக்குச் சாண்டர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வாட் என்பதுதான். அடுத்தது விலை. அதற்கும் அடுத்தது சுற்றுவேகம். பெட்டியின் மேலும் இவைதான் கொட்டை எழுத்தில் இருக்கும். பாலிஷ் வேலையை ஒப்பந்தம் எடுப்பவர்களும் சரி, கதவுக்கும் அலமாரிக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் எண்ணிக் கொடுக்கும் வீட்டுக்காரர்களும் சரி, இந்த மூன்றைத் தாண்டி யோசிப்பது அபூர்வம். ஃபினிஷிங் வேலையைப் பொறுத்தவரை இந்த மூன்றுமே இரண்டாம்பட்சம் என்பது என் வாதம். அந்த மெஷின் மரத்தில் எப்படிப்பட்ட கீறலை விட்டுச் செல்கிறது, தான் கிளப்பும் தூசியில் எவ்வளவைத் தானே இழுத்துக்கொள்கிறது என்பவைதான் முதலில் ஒப்பிட வேண்டியவை. தூசி அடங்காமல் கீறல் அடங்காது என்பதால் கடைசியில் இரண்டும் ஒரே கேள்விதான்.

கிரைண்டரிலிருந்து தொடங்கலாம். நம் வேலைத்தளங்கள் பலவற்றில் சாண்டருக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருப்பது அதுதான். நான்கு அங்குல ஹேண்ட் கிரைண்டரில் ஒரு வெல்க்ரோ பேடை மாட்டி, 80 நம்பர் டிஸ்க்கை ஒட்டி, நேராகத் தேக்குக் கதவின் மேல் வைத்துவிடுகிறார்கள். மோட்டார் 600 வாட்டுக்கு மேல். வேகம் நிமிடத்துக்கு 11,000 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் மரத்தை உரசுகிறது. ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரின் மோட்டாரோ 250, 300 வாட்தான். 3 மில்லிமீட்டர் விட்டத்தில் அது நிமிடத்துக்கு 12,000 குட்டி வட்டங்கள் போடுகிறது. அந்த அசைவில் டிஸ்க்கிலுள்ள துகளின் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டரைக்கூடத் தொடாது. ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம். கிரைண்டர் மரத்தை வேகமாகத் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் வில் வளைவாகக் கோடு போடும், ஓரத்தைக் கருக்கும், கை கொஞ்சம் சாய்ந்தால் பள்ளம் பறிக்கும். வெனீரின் மேல்தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு நொடி தப்பினால் அடியிலுள்ள பிளைவுட் பல்லிளித்துவிடும். தூசியைப் பிடிக்கக் குழாய் மாட்ட அதில் இடமே கிடையாது. வாட்டும் வேகமும்தான் தரம் என்றால் உலகத்திலேயே சிறந்த சாண்டர் கிரைண்டராகத்தான் இருக்க வேண்டும்.

பெல்ட் சாண்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை ஒரே திசையில் ஓடுவதால் மரத்தின் ரேகையோடு இழுக்கலாம். ஒட்டிய பலகைகளின் மேடு பள்ளத்தைச் சமன்படுத்த நல்ல கருவி, ஃபினிஷிங்குக்கு அல்ல. ஷீட் சாண்டர் மூலைகளுக்குள் போகும், சாதாரண உப்புத்தாளை வெட்டி மாட்டிக்கொள்ளலாம், விலையும் குறைவு. ஆனால் அதன் பேட் சுழல்வதில்லை. ஒரே மாதிரியான வட்டத்தையே திரும்பத் திரும்பப் போடுகிறது. ரேண்டம் ஆர்பிட்டலின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் டிஸ்க்குக்கு அசைவு இரண்டு. மோட்டார் கொடுக்கும் குட்டி வட்டம் ஒன்று. பேட் தன் பேரிங்கில் தானாக மெல்லச் சுழல்வது மற்றொன்று. பழைய பூச்சை உரிப்பதற்கென்று கியர் வைத்த சில ரகங்களை விட்டுவிட்டால், இந்த இரண்டாவது சுழற்சியை எந்தப் பல்சக்கரமும் ஓட்டுவதில்லை. அதனால்தான் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கலைந்துபோகின்றன. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மெஷினின் மேல் சாய்ந்து அழுத்தினால் முதலில் நிற்பதும் இந்தச் சுழற்சிதான். மோட்டார் சத்தம் அப்படியே இருப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பேடின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் குட்டு வெளிப்படும்: கை எடை மட்டும் இருந்தால் கோடு நிதானமாகச் சுற்றி வரும், அழுத்தினால் நின்ற இடத்திலேயே நடுங்கும். அழுத்திய கணத்தில் அது வெறும் ஷீட் சாண்டராகிவிடுகிறது. போஷ் ஜி.இ.எக்ஸ். 125-1 ஏ.இ. மாடலின் வட்டம் 2.5 மில்லிமீட்டர், மகிட்டா பி.ஓ. 5030-இல் 3 மில்லிமீட்டர். ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் தன் 150 மில்லிமீட்டர் சாண்டரை 3, 5 என்று இரண்டு வட்ட அளவுகளில் தனித்தனி மாடலாக விற்கிறது. பெரிய வட்டம் சீவுவதற்கு, சிறிய வட்டம் முடிப்பதற்கு. பெட்டியில் தேட வேண்டிய எண் இது. பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் கிடைக்கும்.

நல்ல மெஷின், சரியான வட்டம், பழகிய கை எல்லாம் இருந்தும் சீலர் அடித்த பிறகு கதவில் குட்டிக் குட்டியாகச் சுருள் கோடுகள் தெரிவது இந்தத் தொழிலின் தீராத தலைவலி. வெறும் மரத்தில் அவை கண்ணுக்குப் படாது. ஸ்டெய்ன் ஏறியதும் பளிச்சென்று எழுந்து நிற்கும். டிஸ்க்கிலிருந்து உதிர்ந்த ஒரு துகளோ, கட்டிபட்ட தூசி உருண்டையோ பேடுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றியதன் தடம் அது. தூசியை உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தால் மாட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். உறிஞ்சாமல் ஓட்டினால் டிஸ்க் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அடைத்த டிஸ்க் சூடேறி மரத்தை அறுப்பதற்குப் பதிலாக மெழுகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 125 மில்லிமீட்டர் பேடுகளில் பொதுவாக எட்டு ஓட்டை இருக்கும். தூசி உள்ளே போகும் வாசல் அதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று ஓட்டையில்லாத டிஸ்க்கை வாங்கி ஒட்டினாலோ, ஓட்டையுள்ளதையே கோணலாக ஒட்டினாலோ வாசலை அடைத்தாயிற்று. பின்னால் எவ்வளவு பெரிய வேக்குவம் மாட்டினாலும் காற்றுதான் வரும். பின்லாந்தின் மிர்கா நிறுவனம் வலை போன்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். வலை முழுக்க ஓட்டை என்பதால் நேர்ப்படுத்தும் வேலையே இல்லை. ஆக, ஒப்பிட வேண்டியது சாண்டரை மட்டும் அல்ல. சாண்டர், டிஸ்க், குழாய், வேக்குவம் நான்கும் சேர்ந்த ஒரே கருவியை.

மரத்துக்கு ஆகாத தூசி மனிதனுக்கும் ஆகாது என்பது இங்கிலாந்தில் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆதாரத்தோடு நிறுவப்பட்ட விஷயம். நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஹை விக்கம் ஊரின் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹேட்ஃபீல்ட், மிக அரிதான ஒரு வகை மூக்குப் புற்றுநோய் மரத்தொழிலாளர்களிடம் மட்டும் அடிக்கடி வருவதைக் கவனித்தார். டொனால்ட் ஏச்சசன் முதலியோருடன் சேர்ந்து அவர் 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூசிக்கு இருந்த வரம்பு, 2023 ஜனவரி முதல் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராமாக இறங்கியிருக்கிறது. தேக்குத் தூசி தோல் அரிப்பையும் இழுப்பையும் உண்டாக்குவது தனிக்கதை. பழைய கதவாக இருந்தால் இன்னும் மோசம்: வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை இந்திய அரசு 2016-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பூச்சைத் தேய்க்கும்போது எழும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 80 நம்பரில் பறப்பது கண்ணுக்குத் தெரியும் பொடி. 320 நம்பரில் பறப்பது அதைவிட நுண்ணியது. எளிதில் கீழே படியாது, மூச்சில் ஆழமாகப் போகும். வேலை சுத்தமாகத் தெரியத் தொடங்கும் கட்டத்தில்தான் காற்று அதிகம் கெடுகிறது.

மாஸ்க் போட்டால் போதாதா என்பார்கள். பொருத்தமான மாஸ்க் உதவும். அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வேலைத்தளத்தில் முகத்தில் இருப்பது பெரும்பாலும் கைக்குட்டை அல்லது துண்டு; நுண்தூசிக்கு அது திறந்த கதவு. என்-95 மாஸ்க்கையே கொடுத்தாலும், மின்விசிறிகூட மாட்டாத அறையில் மே மாத வெயிலில் எட்டு மணி நேரம் அதை இறுக்கமாக அணிந்திருக்க யாரால் முடியும்? அதோடு, மாஸ்க் காப்பது அதைப் போட்டவரை மட்டும். சாயங்காலம் அந்த அறையைப் பெருக்கும் சித்தாளுக்கு மாஸ்க் கிடையாது. அடுத்த அறையில் குடியிருக்கும் குழந்தைக்கும் கிடையாது. ஈரப் பாலிஷின் மேல் வந்து உட்காரும் தூசியையும் மாஸ்க் தடுக்கப்போவதில்லை. சாண்டரோடு வரும் சின்னப் பையும் பெரிய பொடியைப் பிடித்துக்கொண்டு நுண்ணியதை வெளியே விட்டுவிடும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேர்ந்த ஆசாரி உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி ரேகையோடு இழுத்துக் கொடுக்கும் மினுமினுப்பை எந்த மெஷினும் கொடுக்காது என்பது. கடைசி இழுப்புக்கு இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். செதுக்கு வேலையுள்ள நிலைக்கதவிலும் வளைவான பீடிங்கிலும் கைதான் போக வேண்டும். ஆனால் எட்டடி உயர அலமாரிக் கதவுகள் வரிசையாக நிற்கும் வீட்டில் 120, 180, 220 என்று ஒவ்வொரு நம்பரையும் கையாலேயே தேய்ப்பவர் எவரும் இன்று இல்லை. தேய்த்தால் கூலி கட்டாது. நடப்பது என்னவென்றால், நடுவில் ஒரு நம்பரை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். முந்தைய நம்பரின் கீறல் அடியில் அப்படியே கிடக்கும், பாலிஷ் ஏறியதும் எட்டிப் பார்க்கும். மேலும், கையால் தேய்க்கும்போதும் தூசி எழத்தான் செய்கிறது, முகத்துக்கு இன்னும் பக்கத்தில். கைத்திறனை மதிப்பதென்றால் அதைக் கடைசி நம்பருக்கு மிச்சம் பிடித்து வைப்பதுதான் முறை.

பணம்தான் உண்மையான முட்டுக்கட்டை. வேக்குவம் சேர்ந்தால் செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். ஐரோப்பிய முறையில் எம் வகுப்பு என்று குறிக்கப்படும் வேக்குவம், உள்ளே போகும் தூசியில் 99.9 சதவீதத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதன் விலை நாள்கூலிக்காரர் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. ஒரே கையிருப்பில் எதைத் தேர்வது என்றால் என் தீர்ப்பு தெளிவு: விலையுயர்ந்த சாண்டரைப் பைக்குள் தூசி விட்டு ஓட்டுவதைவிட, நடுத்தர விலைச் சாண்டரோடு காகிதப் பையும் நுண்வடிகட்டியும் உள்ள சாதாரண ஒர்க்‌ஷாப் வேக்குவத்தை இணைப்பது மேல். எம் வகுப்புக்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கும் அதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. வீட்டு வேக்குவம் இதற்கு ஆகாது. பை சீக்கிரம் அடைத்து, நுண்தூசியைப் பின்வழியாக அறைக்கே திருப்பித் தரும். டிஸ்க் கூடுதல் நேரம் உழைப்பது, கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் தூசி தின்னாமல் நீடிப்பது, மறுவேலை குறைவது எல்லாம் செலவில் ஒரு பங்கை மீட்டுத்தரும். முழுவதையும் மீட்டுத்தரும் என்று சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த மெஷினுக்கு நியாயம் இல்லாமலும் இல்லை, அது அதிர்வில் இருக்கிறது. நாள் முழுக்க அதிரும் கைகளில் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும்; எட்டு மணி நேர சராசரி அதிர்வு 2.5 மீட்டர்/விநாடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. மெஷினின் கையேட்டில் அதிர்வு அளவு அச்சிடப்பட்டிருக்கும். தினமும் ஓட்டுபவர் வாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டிய வரி அது.

மீதிச் செலவை யார் சுமப்பது? இன்றைய ஏற்பாட்டில் கருவி பாலிஷ்காரருடையது, கூலி சதுர அடிக்கு, நுரையீரல் அவருடையது. இந்தக் கணக்கில் அவர் வேக்குவம் வாங்காததை அறியாமை என்று சொல்வது அநியாயம்; வாங்கினால் பக்கத்து ஆளைவிட அவர் விலை கூடிவிடும், வேலை கை நழுவும். விலையை முடிவு செய்பவர் வீட்டுக்காரரும் இன்டீரியர் கான்ட்ராக்டரும்தான். எந்தக் கம்பெனி பாலிஷ், எத்தனை கோட், மெலமைனா பி.யூ.வா என்று கொட்டேஷனில் வரி வரியாகக் கேட்கிறவர்களுக்கு, சாண்டிங் வேக்குவம் இணைத்துச் செய்யப்படும், அதற்குத் தனியாக இவ்வளவு என்று இன்னொரு வரி சேர்ப்பது கஷ்டமே இல்லை. வேக்குவத்தை ஒவ்வொருவரும் சொந்தமாக வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சென்ட்ரிங் சாமானும் பிரேக்கர் மெஷினும் நாள் வாடகைக்குக் கிடைக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வாடகை தருவதாக நான்கு கான்ட்ராக்டர்கள் சொன்னால், அதே கடைகள் இரண்டு வேக்குவம் வாங்கி வைக்கும்.