நாலு மில்லிமீட்டர்

27 பெரிதா, 28 பெரிதா என்று யாராவது கேட்டால் அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் சைக்கிள் ஆசாமியாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்ம ஊர் பால்காரர் சைக்கிளின் 28 இன்ச் சக்கரத்தில், டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். பழைய இங்கிலீஷ் ரோடு சைக்கிளின் 27 இன்ச்சுக்கு 630. சரியாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? இருங்கள். இன்றைய ரேஸ் சைக்கிள்களில் வருவது 700சி சக்கரம். ஜெர்மனியில் அதையும் 28 இன்ச் என்பார்கள். அதன் விட்டமோ 622. ஆக, அந்த 28-ஐவிட இந்த 27 பெரிது! கணக்கு வாத்தியார் கேட்டால் ராஜினாமா செய்துவிடுவார்.

630-க்கும் 622-க்கும் வித்தியாசம் 8. மையத்திலிருந்து அளந்தால் அதில் பாதி, 4 மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதை. ‘இதெல்லாம் ஒரு வித்தியாசமா?’ என்றுதான் என் ஆபீஸ் நண்பரும் நினைத்தார்.

அவருடைய மாமா 1970-களில் லண்டனில் வாங்கி, கப்பலில் கொண்டுவந்த சைக்கிள் அது. வளைந்த ஹேண்டில்பார், இரும்பு ரிம்மில் குரோமியப் பளபளப்பு. இந்தப் பளபளப்பில்தான் வில்லங்கம். மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கிக்கொண்டு போகும். 27 இன்ச் டயரும் சுலபத்தில் அகப்படாது. அதனால் நண்பர் அலுமினிய ரிம் வைத்த 700சி சக்கரம் வாங்கினார். நல்ல காரியம். கூடவே புது கேலிப்பர் பிரேக். “எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும் ஸார்” என்று விற்றவர் சத்தியம் செய்தாராம்.

கேலிப்பர் என்பது ஓர் இடுக்கி. பால்காரர் சைக்கிளில் கம்பி இழுக்க, கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் போய் அழுத்தும். கேலிப்பர் அப்படியில்லை. ஃபோர்க்கின் தலையில் ஒற்றை போல்ட்டில் தொங்கிக்கொண்டு, ஒயரை இழுத்ததும் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும். அதன் கைகளில் நீளவாட்டில் ஒரு துளை. கட்டையை மேலே கீழே நகர்த்தலாம், ஆனால் அந்தத் துளை விடும் வரைதான். அந்த எல்லைக்குப் பெயர் ‘ரீச்’.

நண்பர் வாங்கியது 39-லிருந்து 49 மில்லிமீட்டர் வரை எட்டும். அவர் சைக்கிளில் பழைய சக்கரத்துக்குத் தேவைப்பட்டது 50. புதுச் சக்கரம் 4 மில்லிமீட்டர் கீழே இறங்கியதில் 54. கட்டையை அடிமட்டம்வரை தள்ளியும் ரிம்மைத் தொடாமல் டயரைத் தொட்டது.

“கொஞ்சம் அராவி, துளையை நீளமாக்கிட்டா போச்சு” என்றார்.

“அராவுங்க. பிரேக் புடிக்கறப்ப அந்தக் கை முறிஞ்சா, நீங்க லாரிக்கு எந்தப் பக்கம் இருப்பீங்கன்னு சொல்லுங்க.”

பேச்சைக் காணோம். இருவருமாகத் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெரியவர் சைக்கிளைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

“தம்பி, டயர்ல கட்டை உரசினா ரப்பர அறுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் ஓடறப்ப வெடிக்கும். ரொம்பக் கீழ எறங்கினா போக்ஸ் கம்பிக்குள்ள பூந்துரும். கட்டை முச்சூடும் ரிம்மு மேலயே உக்காரணும்.”

இன்னொன்றும் காட்டினார். புது கேலிப்பரின் நட்டு ஃபோர்க்குக்குள் புதையும் ரகம். அதற்குப் பின்பக்கத் துளை 8 மில்லிமீட்டர் வேண்டும். பழைய ஃபோர்க்கில் 6 தான். டிரில் போடவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் வெளியே சாதா நட்டு போட்டு முடுக்கும் கேலிப்பரே கிடைக்கும்போது, மாமா சைக்கிளை எதற்குக் குடைய வேண்டும்? 47-லிருந்து 57 வரை எட்டும் அந்த ரகத்தை வாங்கி வந்தோம்.

பெரியவர் முதலில் சக்கரத்தைப் பெண்டு எடுத்தார். கோணல் சக்கரத்துக்கு எந்த பிரேக்கும் சரிப்படாது. பிறகு கட்டையின் முன்நுனி ஒரு மயிரிழை முந்தித் தொடுகிற மாதிரி வைத்தார். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டுத் தெருவையே எழுப்பும். கடைசியில் லீவரைப் பத்துத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஒயர் நழுவுமானால் கடையிலேயே நழுவட்டும் என்று! முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ள, பின்சக்கரம் குதிரை மாதிரி தூக்கியது.

“இப்ப ஏறலாம்” என்றார்.

சைக்கிள் மிதிப்பது மறுபடி ஃபேஷனாகியிருக்கிறது. பரணிலிருந்து அப்பா, மாமா வண்டிகளெல்லாம் இறங்குகின்றன. பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். மேம்பாலத்து இறக்கத்தில் நம்மை நிறுத்தப் போவது இரண்டு ரப்பர் துண்டுகள். அவற்றுக்கு ‘ஏதோ ஒண்ணு போடுப்பா’!

உங்கள் வீட்டிலும் அப்படியொரு சைக்கிள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். போடப்போகிற சக்கரத்தை மாட்டுங்கள். பிரேக் போல்ட் துளையின் மையத்திலிருந்து, கட்டை தொட வேண்டிய ரிம்மின் நடுவரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாக. அப்புறம் கடைக்குப் போங்கள். டயர் வாங்கும்போது 27, 28 எல்லாம் பார்க்காமல், ஓரத்தில் பொடியாகப் போட்டிருக்கும் 622, 630 என்ற எண்ணைப் படியுங்கள்.

ஸ்கேலுக்குச் சில்லறைக் காசு போதும். முன்பல் ஒன்று கட்ட எவ்வளவு என்று பல் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.