டாமிரிகே: ஒரு கோடு மறைத்த பெயர்

மும்பைக்குப் போகும்போது கல்யாண் நிலையத்தை நாம் எத்தனையோ முறை தாண்டியிருப்போம். அந்த ஊரைக் 'கல்லியேனா' என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த நூல் ஒன்று உண்டு. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் அந்தக் கடல்வழிக் குறிப்பில் நம் மாநிலத்துப் பைட்டணும் வருகிறது; தெற்கே தொண்டியும் முசிறியும் வருகின்றன. ஆனால் அத்தென்துறைமுகங்கள் இருந்த நாட்டுக்கு, இன்று கிடைக்கும் ஏட்டுப் பிரதி தரும் பெயர் 'லிமிரிகே'. இது எந்த நாடு?

விடை இலத்தீன் வரைபடம் ஒன்றில் இருந்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பாய்ட்டிங்கர் வரைபடம், பழைய ரோமானிய வரைபடம் ஒன்றின் பிற்காலப் பிரதி. முசிறியையும் அதன் அருகே அகஸ்டஸ் கோயிலையும் காட்டும் அந்தப் படத்தில் 'டாமிரிகே' என்ற பெயர் இருக்கிறது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் இதை எடுத்துக்காட்டினார். கிரேக்க 'டெல்டா' ஒரு முக்கோணம். அதன் அடிக்கோடு விடுபட்டால் 'லாம்டா' ஆகிவிடும். ஏட்டைப் பிரதி எடுத்தவர் கண்ணில் அந்தக் கோடு தப்பிவிட்டது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

'இகே' என்பது நாட்டைக் குறிக்கும் கிரேக்க விகுதி. 'டாமிர்' என்பது தமிழ். 'ழ' இல்லாதவர் வாயில் அது 'ர' ஆயிற்று. காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டிலும் 'திரமிர' என்றே படிக்கிறார்கள்.

இதைச் சொல்லி மார்தட்ட வேண்டியதில்லை. முசிறி இருந்தது இன்றைய கேரளக் கரையில்; அந்தப் பெயரில் மலையாள அன்பர்களுக்கும் பங்குண்டு. எனக்கு உறைப்பது வேறொன்று. ஓர் எழுத்தைச் சரியாக எழுதாததால் ஒரு நாட்டின் பெயரே பல நூற்றாண்டுகள் அடையாளம் தெரியாமல் கிடந்தது.

மராத்தியில் 'ழ' இல்லை; ஆனாலும் நம் அண்டை வீட்டார் 'ள' போட்டு, தங்களிடம் இருப்பதில் நெருங்கிய எழுத்தால் நம் மொழியின் பெயரை எழுதுகிறார்கள். புனேயில் வளரும் நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் தேவநாகரியையோ ஆங்கில எழுத்தையோ நாடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று. பேசினால் போதும் என்று இருந்துவிட்டவர்கள் நாம்தான்.

கிரேக்க ஏட்டைப் பிரதி எடுத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, அவரை மன்னித்துவிடலாம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, 'தமிழ்' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். மூன்றே எழுத்துதான்.