தொழுவத்திலிருந்து வந்த குளிசை

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "மெடிசின் கிடைக்குமா?" பேராதனையில் மிருக வைத்தியம் கிடைத்த பிள்ளைக்கோ ஆறுதல் சொல்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. பழுதடைந்த இனிப்புக் குளோவர் தீவனமே காரணம் என்று கண்டவர் கனடாவின் ஸ்கோபீல்ட், ஒரு மிருக வைத்தியர். 1933இல் விஸ்கொன்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பாற்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் வந்து கார்ல் லிங்கிடம் காட்டினார். லிங்கின் ஆய்வுகூடம் ஆறு வருடம் பாடுபட்டு, 1939இல் அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்பரின் 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது (ஆம், எலி நஞ்சுதான்!). 1954இல் மனிதருக்கும் மருந்தானது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் பலர் இன்றும் விழுங்குவது இந்தக் குளிசையைத்தான்.

மெடிசின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "மாட்டுப் பட்டியில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மிருக வைத்தியத்தை விரும்பி எழுதும் மகளை, பெற்றோரே, மறிக்காதீர்கள்.