காளவாயைத் தின்னும் கடல்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், மான்ட்ரோஸ் நகருக்குத் தெற்கே, பாடின் முனை என்றொரு பாறைமுனை வடகடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் விளிம்பில், தொலைவிலிருந்து பார்ப்பவர் பழங்கோட்டை என்றே எண்ணும்படி ஒரு பெருங் கற்கட்டடம் நிற்கிறது. அது கோட்டையன்று, 18ஆம் நூற்றாண்டின் சுண்ணாம்புக் காளவாய். அதன் அடியிலுள்ள மண்ணையும் பாறையையும் அலைகள் அரித்தெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது. அதன் புகைப்படங்கள் எங்கள் நண்பர் வட்டத்தில் சுற்றிவந்தபோது இரு கட்சிகள் உருவாயின. சுவர் எழுப்பியாவது காக்கவேண்டும் என்றது ஒன்று. அரண்மனையா, ஆலயமா, ஒரு காளவாய்தானே, போகட்டும் என்றது மற்றொன்று. இரண்டிலும் நாங்கள் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

காளவாய் செய்யும் வேலை எளியது. மேல்வாய் வழியே சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் அடுக்கடுக்காகக் கொட்டப்படும். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல்லிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிட, எஞ்சும் சுட்ட சுண்ணாம்பை அடிவாய் வழியே வாரியெடுப்பார்கள். நீர் பட்டால் அது கொதித்து, வெடித்து, மாவாக நீறும். அந்நாட்டில் அதை வீட்டுச் சுவருக்குப் பூசியது மட்டுமல்ல, புளித்துப்போன வயல் மண்ணைத் திருத்தவும் இட்டார்கள். விளையாத நிலம் விளைந்தது. இன்று நாம் ஸ்காட்லாந்தின் பசுமை என்று வியப்பதில் ஒரு பங்கு இத்தகைய காளவாய்களின் புகையிலிருந்து வந்தது. ‘காளவாய்தானே’ என்பவர்களுக்கு இதுவே முதல் விடை. அரசர்களின் கோட்டைகளைவிட இந்தக் கல்லடுப்பு அதிகம் பேருக்குச் சோறிட்டிருக்கும்.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. மான்ட்ரோஸுக்கு வடக்கே, ஜான்ஸ்ஹேவன் அருகே, மாதர்ஸ் என்றொரு சிற்றூர் இருந்தது. பழைய கூழாங்கல் கரையின்மேல் அமைந்த ஊர். கடலுக்கும் அதற்கும் நடுவே சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்று அரணாக நின்றது. காளவாய்களுக்காக அந்தத் திட்டையே வெட்டியெடுத்துக்கொண்டே போனார்கள். 1795இல் கடல் அவ்வழியே உடைத்துக்கொண்டு புகுந்து, ஒரே இரவில் ஊர் முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. 150 கெஜ தூரம் உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. இதை எழுதிவைத்தவர் சார்லஸ் லயல். 1830 முதல் வெளிவந்த தமது ‘நிலவியலின் கோட்பாடுகள்’ நூலில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினார். அந்தப் பத்தி இல்லையென்றால் மாதர்ஸை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

இவ்விடத்தில்தான் பாடின் காளவாய் எங்களுக்கு அந்நியமாக இல்லாமற்போயிற்று. மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் அவற்றுள் அடங்கும். அவை இப்போது நீருக்கடியில் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்திருந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் சிமெண்டுக்கும் அனுப்பியது இதற்குப் பெருங்காரணம் என்கிறார்கள் கடலாய்வாளர்கள். அலையின் வேகத்தை முறிக்கும் பாறை போனபின் மணல்தீவு எத்தனை நாள் தாங்கும்? 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான்தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். காளவாயில் எரித்ததற்கு ஈடாகக் காங்கிரீட்டை இறக்குகிறோம்.

இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் இதே வேலை நடந்தது. கடற்கரை வலயத்தில் பவளம் எடுப்பதையும் எரிப்பதையும் 1988ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடைசெய்தது. தொழில் அதோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பெரலியவில் ஒரு ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில கிலோமீட்டர் தள்ளி, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை அவ்வளவு உயரவில்லை. கரைக்கு முன்னிருந்த பாறையின் இருப்பும் இன்மையும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று, பின்னர் அங்கே அளவெடுத்த ஆய்வாளர்கள் கருதினர்.

எனவே கடலைக் கொடியவனாகவும் காளவாயை அபலையாகவும் வைத்து ஒப்பாரி பாட எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாக் காளவாயும் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. பாடினுக்கும் மாதர்ஸுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதையும் நாங்கள் கற்பிக்கவில்லை. ஆயினும் தன் அரணைத் தானே எரித்துச் சுவர் பூசிக்கொண்ட மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் கிடைப்பது அரிது.

அப்படியானால் காக்கவேண்டாமா? காக்கலாம்; ஆனால் எதை என்பதே கேள்வி. ஆர்க்னித் தீவில் 1850இன் புயல் வெளிக்காட்டிய ஸ்காரா பிரே குடியிருப்புக்கு 1920களில் கடற்சுவர் எழுப்பினார்கள். ஐயாயிரம் ஆண்டுப் பழைமைக்கு அது தகும். ஒவ்வொரு காளவாய்க்கும் சுவர் கட்ட முடியாது. கட்டினாலும் ஓரிடத்தில் தடுத்த அரிப்பு பக்கத்து ஊருக்குப் போகும் என்பதைத் தூண்டில் வளைவுகள் கண்ட நம் மீனவர்கள் நன்கறிவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் வேறொரு வழியையும் கைக்கொண்டார்கள். 2012 முதல் 2016 வரை நடந்த திட்டத்தில், அழியும் நிலையிலுள்ள கரையோரத் தொல்லிடங்களை உள்ளூர் மக்களே நடந்து நடந்து பார்த்துப் பதிவுசெய்தனர். கல்லை நிறுத்த முடியாத இடத்தில் அதைப் பற்றிய அறிவையாவது நிறுத்திவைக்கும் வேலை அது.

நம்மிடம் இல்லாதது இதுதான். தீவுகள் இரண்டு மூழ்கின. அவற்றின் பெயரைச் சொல்ல ஒரு கல்வெட்டில்லை, ஒரு கதையில்லை. முருகைக்கல் பெயர்க்க மூழ்கியவர்கள், வள்ளத்தில் ஏற்றிவந்தவர்கள், காளவாய்க்குத் தீமூட்டியவர்கள் இன்னும் நம் கடற்கரை ஊர்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்தது கூலிக்கு. அந்த வெண்மையைச் சுவரில் பூசிக்கொண்டதும் வெற்றிலையில் தடவிக்கொண்டதும் நாம். அவர்கள் கல்லுக்கு வைத்த பெயர்கள், நெருப்பின் பதத்துக்கு வைத்த சொற்கள், நீரடியில் கண்டவை ஆகியவை அவர்களோடு போய்விடுமுன் யாரேனும் ஒரு குறிப்பேட்டுடன் சென்று அமரவேண்டும். இலக்கியம் பேசும் நம் போன்றோர் செய்யக்கூடிய பணி இது. இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

பாடின் காளவாய் ஒருநாள் விழும். அதை வரைந்தும் அளந்தும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். விலங்குசல்லிக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?