டேட்டாபேஸ் கற்க முதலில் கணினியை மூடுங்கள்

போன வருடம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. "சார், நீங்கதான் பிளாக் எல்லாம் எழுதறீங்களே" என்றார் செயலாளர். பிளாக் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும் என்று பலருக்கு ஒரு நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை.

பட்டியல் ஒரு எக்ஸெல் தாளில் இருந்தது. பெயர், விலாசம், போன், வயது, மனைவி பெயர், சந்தா என்று ரயில் மாதிரி நீளம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கேள்வி கேட்டால்தான் விழித்தது.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயது ஆனால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-ல் 30, 90-ல் 40 என்று அது ஏறும். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு. "இந்த வருஷம் யாருக்கெல்லாம் 80 ஆகுது?" என்று செயலாளர் கேட்டார். பட்டியலில் ஒருவருக்கு வயது 74 என்று இருந்தது. எந்த வருடத்து 74? எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் காலமாகிவிட்டார்.

அந்த வாரமே ஒரு அம்மாள் போன் செய்தார். கணவர் எங்கள் உறுப்பினராக இருந்து மறைந்தவர். தனக்கு 83 முடிந்துவிட்டது, கூடுதல் தொகை வரவே இல்லை என்றார். பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி இருக்காது. எங்களிடமாவது இருக்கிறதா என்று தேடினேன். கணவரின் வரிசை முழுவதும் சிவப்பு அடித்து, 'காலமானார்' என்று போட்டிருந்தது. அந்த அம்மாள் அதே சிவப்புக்குள் ஒரு கட்டத்தில் வெறும் பெயராக இருந்தார். பிறந்த தேதிக்கு இடமே இல்லை. வயதுச் சான்று வாங்கி, கடிதம் எழுதி, பிறகு நிலுவையோடு பணம் வந்தது. ஆனால் மூன்று வருடம் மாத்திரைக்குக்கூட மகனிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

அன்றைக்குத்தான் டேட்டாபேஸ் படிப்பது என்று முடிவு செய்தேன். இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் பேஸை இறக்கி, நான்கு வீடியோ பார்த்து, இரண்டே நாளில் ஒரு அட்டவணை செய்தேன். அதில் 31 பத்திகள்! பெருமையாகப் பேரனுக்குக் காட்டினேன். "தாத்தா, இது அதே எக்ஸெல்தான். கம்ப்யூட்டரை மூடிட்டு ஒரு பேப்பர் எடுங்க" என்றான். புதிய மொந்தையில் பழைய கள்!

பேப்பரில் ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் கற்றதுதான் உண்மையான பாடம்.

முதலாவது, மாறிக்கொண்டே இருப்பதை எழுதி வைக்காதே. வயது மாறும், பிறந்த தேதி மாறாது. தேதி இருந்தால் வயதைக் கணினி சொல்லிவிடும்.

இரண்டாவது, பெயரை அடையாளமாக நம்பாதே. எங்கள் சங்கத்தில் மூன்று ஆர். சுப்பிரமணியன்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்தால் தகராறு இல்லை.

மூன்றாவது, ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும். விலாசம் மூன்று தாளில் இருந்தால், வீடு மாறியவருக்கு இரண்டு கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

நான்காவதுதான் முக்கியம். யாருக்குத் தனி வரிசை என்று தீர்மானிப்பது. என் பழைய அமைப்பில் மனைவி என்பவர் கணவரின் வரிசையில் ஒரு கட்டம். புதியதில் நபர்களுக்கு ஒரு அட்டவணை, பி.பி.ஓ. எண்களுக்கு ஓர் அட்டவணை, சந்தாவுக்கு ஓர் அட்டவணை. ஒரு பி.பி.ஓ.வில் கணவன், மனைவி இருவரும் தனித்தனி நபர்களாக இணைகிறார்கள். ஒருவர் போனாலும் மற்றவர் சிவப்புக்குள் மறைவதில்லை.

இப்படி அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான எண்ணால் இணைக்கும் யோசனைக்கு வித்திட்டது 1970-ல் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரை. அவர் பென்ஷன்காரர்களை நினைத்து எழுதவில்லைதான். ஆனாலும் எங்களுக்குப் பொருந்துகிறது.

பேப்பர் முடிந்த பிறகு கணினி வேலை பத்தே நாள்தான். ஒருமுறை, சந்தா கட்டிய ஒருவரை அட்டவணையிலிருந்து நீக்கப் பார்த்தேன். முடியாது என்று மறுத்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், அவரை நீக்கினால் அவர் கட்டிய பணம் யார் கணக்கில் நிற்கும்? நம் பழைய ஹெட்கிளார்க் மாதிரி கறார்!

இப்போதெல்லாம் ஏ.ஐ.யிடம் சொன்னால் அதுவே டேட்டாபேஸ் செய்து தருமே என்கிறார்கள். தரும். ஆனால் அந்த அம்மாளுக்குத் தனி வரிசை வேண்டும் என்று அதற்கு நாம்தானே சொல்ல வேண்டும்? அதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் மென்பொருளில் ஆரம்பிக்கக் கூடாது. யாரெல்லாம் நம்மிடம் என்ன கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வருடம் 80 தொடுகிறவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் பெண்கள். ஒன்பது பேருக்கும் போன் செய்துவிட்டேன். உங்கள் சங்கத்துப் பட்டியலில் 'வயது' என்று ஒரு பத்தி இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள்.