செக் திரும்பினா காரணம் சொல்றாங்க, லேப்டாப் ஏன் சொல்லாது?

டிஸ்கி: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற மக்கள் இதைப் படிச்சிட்டு "இது கூடவா தெரியாது"ன்னு சிரிக்கலாம். நான் பி.காம். எனக்குத் தெரியாது. தெரியாததால நான் பட்ட பாட்டை மத்தவங்களும் பட வேணாமேன்னுதான் எழுதுறேன் :-)

போன மாசம் 20ஆம் தேதி. காமர்ஸ் படிச்சவங்களுக்கு இந்தத் தேதியைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-3பி கட்ட வேண்டிய கடைசி நாள். நான் காலேஜ் முடிஞ்சு வந்ததும் எங்க ஊர்ல ஒரு ஆடிட்டர் சார்கிட்ட பார்ட் டைமா கணக்கு பாக்குறேன். நாலு கடை என் பொறுப்பு. ஒரு அரிசி மண்டி, ஒரு பாத்திரக்கடை, ஒரு ஹார்டுவேர்ஸ், ஒரு உரக்கடை. நாலு பேரும் பில்லைக் கொண்டுவந்து கொடுக்கிறது எப்பவும் 18ஆம் தேதிக்கு மேலதான். அது வேற கதை.

எல்லாத்தையும் எக்செல்ல போட்டு முடிச்சாச்சு. இனி நெட்டைப் போட்டு, ஜிஎஸ்டிஆர்-2பியை இறக்கி, ஒத்துப் பாத்து, ஃபைல் பண்ண வேண்டியதுதான். மணி ஆறு. போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். லேப்டாப்ல தேடினேன். என் போன் பேரே வரல.

லேப்டாப்பைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். அது அக்காவோடது. அக்கா 2017ல ப்ளஸ் டூ முடிச்சப்போ அரசாங்கம் கொடுத்தது. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கி வெச்சதே நம்ம மாவட்டத்துலதான், திருவள்ளூர் பக்கத்துல காக்களூர்ல. அக்கா டிகிரி முடிச்சு, கல்யாணம் ஆகிப் போறப்போ நகையோட சேத்து அதையும் எடுத்துட்டுப் போயிடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன். விட்டுட்டுப் போனா. மூலையில ஒரு கீறல், ஒரு கீ இல்ல. மத்தபடி தங்கம். போன்தான் புதுசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பாக்குற அண்ணன் போனஸ் பணத்துல வாங்கிக் கொடுத்த 5ஜி போன். பழைய போன் இருந்த வரைக்கும் ஹாட்ஸ்பாட் ஒரு நாள் கூடத் தகராறு பண்ணல.

போன்லயே ஃபைல் பண்ணலாமேன்னு கேப்பீங்க. நாலு கடையோட எக்செல் ஷீட்டை ஆறு இஞ்ச் ஸ்க்ரீன்ல வெச்சு 2பியோட ஒத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, காலில் விழுறேன்.

எல்லாரும் பண்றதை நானும் பண்ணேன். ரீஸ்டார்ட். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தேன். போனை லேப்டாப்புக்குப் பக்கத்துல கொண்டு போனேன், மேலயே வெச்சேன் (ஹிஹி). ஒண்ணும் நடக்கல. பஜாருக்கு ஓடினேன். கடைக்காரர் பின்பக்கத்தைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, தூசி தட்டி, திரும்ப மாட்டி, என் போனை வெச்சே சோதிச்சுட்டு, "வைஃபை கார்டு போயிடுச்சு தம்பி. 1,800 ஆகும். ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து வரணும், நாளைக்கு சாயங்காலம் வாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், இது ரொம்பப் பழசு. இதுக்குச் செலவு பண்றதுக்கு இ.எம்.ஐ.ல புதுசு எடுத்துடலாம்"னார். மனுஷர் நல்லவர்தான். பாத்ததுக்குக் காசு வாங்கல. நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டேன். என் மாசச் சம்பளமே 2,000 ரூபாய்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்து, மனசு கேக்காம லேப்டாப்பைத் திரும்பத் திறந்தேன். வைஃபை பட்டியல்ல நாலு பேர் இருந்துச்சு. யார் யாரோடதோ. எதிர் மாடி, பக்கத்துக் கடை, என்னவோ. அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சது. கார்டு செத்துப் போயிருந்தா இந்த நாலு பேரையும் எது பாக்குது? கண்ணு தெரியலன்னு சொல்ற ஆள் நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறானே!

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். கண்டலேறுல இருந்து கிருஷ்ணா தண்ணி 152 கிலோமீட்டர் கால்வாய்ல வந்து, ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துல தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்ல தமிழ்நாட்டுக்குள்ள நுழையுது. அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர் போனாத்தான் பூண்டி ஏரி. பூண்டிக்குத் தண்ணி வரலன்னா ஏரி கெட்டுப்போச்சுன்னு யாராவது புது ஏரி வெட்டுவாங்களா? கால்வாய் ஓரமா மேல நடந்து எங்க நின்னிருக்குன்னுதான பாப்பாங்க? நான் மட்டும் ஏரியைத் திட்டிட்டு இருந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவோட பழைய போன்ல ஹாட்ஸ்பாட் போட்டேன். லேப்டாப் ரெண்டே செகண்டுல ஒட்டிக்கிச்சு. அன்னைக்கு டேட்டா முழுக்க சீரியலுக்குப் போயாச்சு, அதனால அதை வெச்சு வேலை ஓடல. ஆனா லேப்டாப் நல்லா இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸைத் திறந்து, ட்ரையல் பேலன்ஸ் இடிக்கிறப்போ ரெண்டு பக்கத்தையும் விரல் வெச்சுப் பாப்போமே, அந்த மாதிரி வரி வரியாப் பாத்தேன்.

முதல் வித்தியாசம்: அலைவரிசை. அம்மா போன்ல 2.4 கிகாஹெர்ட்ஸ், என்னோடதுல 5 கிகாஹெர்ட்ஸ். இது 4ஜி, 5ஜி இல்ல, குழப்பிக்காதீங்க (நான் குழம்பினேன்). அது டவருக்கும் போனுக்கும் நடுவுல. இது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா தூரம் கம்மி, சுவர் வந்தா திணறும். 2.4 வேகம் கம்மி, தூரம் போகும். விலை கம்மியான பழைய லேப்டாப் பலதுல இருக்கிற கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஏஎம் மட்டும் இருக்கிற ரேடியோவுல எஃப்எம் தேடுற மாதிரி. ராத்திரி பூரா திருகினாலும் வராது. மாத்தினேன். உடனே என் போன் பேர் வந்துச்சு. (ஐபோன் வெச்சிருக்கிற கனவான்களுக்கு: ஐபோன் 12ல இருந்து ஹாட்ஸ்பாட் பக்கத்துல "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி"ன்னு ஒண்ணு இருக்கும். அதை ஆன் பண்ணினா இதே வேலைதான்.)

பாஸ்வேர்டு அடிச்சேன். "இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை"ன்னு ஒரே வரி. அவ்வ்வ்வ்.

ரெண்டாவது வித்தியாசம்: பாதுகாப்பு. அம்மா போன்ல டபிள்யூபிஏ2. என்னோடதுல டபிள்யூபிஏ3. ரெண்டும் பாஸ்வேர்டை எப்படிச் சரிபாக்கணும்ங்கிற ஒப்பந்தம்னு வெச்சுக்கோங்க. டபிள்யூபிஏ2 வந்தது 2004ல. 2017ல அதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே டபிள்யூபிஏ3 வந்துச்சு. அக்கா லேப்டாப் 2017 மாடல். பொறக்காத புள்ளை பேரை அது எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கும்? டபிள்யூபிஏ2க்கு மாத்தினேன். ஒட்டிக்கிச்சு. சில போன்ல ரெண்டும் கலந்த ஆப்ஷன் இருக்கு, பல பழைய கார்டு அதுக்கு ஒத்துக்கும், சிலது முறைக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை. சில பேர் வெறுத்துப்போய் பாதுகாப்பையே "நன்"னு போட்டுத் திறந்து விட்டுடுறாங்க. செய்யாதீங்க. நாலு கடையோட ஜிஎஸ்டி பாஸ்வேர்டு போற வழி அது. டபிள்யூபிஏ2 போதும், பாஸ்வேர்டு மட்டும் 12345678 இல்லாம நீளமா வெச்சா சரி.

முடிஞ்சதுன்னு நினைச்சா இல்ல. நெட் வந்துச்சு, ஆனா எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல"ன்னு சிவப்புல மிரட்டுது. ஓரத்துல பாத்தா தேதி 2016 ஜனவரி. பஜார்ல பேட்டரியைக் கழட்டினப்போ கடிகாரம் பழசுக்குப் போயிருக்கு. தளங்களோட சான்றிதழுக்கு இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும்னு ஆயுசு உண்டு. என் லேப்டாப் கணக்குப்படி அந்தச் சான்றிதழ்லாம் இன்னும் கொடுக்கவே இல்ல! செக்குல பின் தேதி போட்டா பேங்க்ல எடுத்துக்க மாட்டாங்கல்ல, அதே கதை. தேதியைத் திருத்தினேன். தளம் திறந்துச்சு. மணி 9:40.

மூணு கடை 11 மணிக்குள்ள முடிஞ்சது. உரக்கடை அண்ணாச்சிக்கு ஓடிபி போயிருக்கு, அவர் தூங்கிட்டார். ஏழு தடவை அடிச்சும் எடுக்கல. மறுநாள் காலையிலதான் ஃபைல் பண்ணேன். ஒரு நாள் தாமதம், 25 ரூபாய் மத்திய அரசுக்கு, 25 ரூபாய் மாநில அரசுக்கு. ஆடிட்டர் சார் திட்டல. "50 ரூபாய் உன் சம்பளத்துல கழிச்சுக்குறேன்பா, அப்பதான் ஞாபகம் இருக்கும்"னார். ஞாபகம் இருக்கு சார்.

சரி, இப்ப என் ஆதங்கத்துக்கு வரேன்.

பேங்க்ல போட்ட செக் திரும்பி வந்தா கூடவே ஒரு சீட்டு தருவாங்க. பணம் பத்தல, கையெழுத்து ஒத்துப் போகல, தேதி தப்புன்னு அதுல காரணம் இருக்கும். அந்தச் சீட்டு கைக்கு வந்ததுல இருந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்னு சட்டமே இருக்கு (138ஆவது பிரிவு, செமஸ்டர்ல நிச்சயம் வரும்). "செக் பாஸ் ஆகல"ன்னு மட்டும் சொல்லி எந்த பேங்காவது அனுப்புமா? அனுப்பினா கவுன்டர்ல என்ன நடக்கும்?

ஆனா லேப்டாப் அதைத்தான் பண்ணுது, நாமளும் சும்மா இருக்கோம். 5 கிகாஹெர்ட்ஸ் விஷயத்துல அதைக் குத்தம் சொல்ல முடியாது. அது பாக்காததை எப்படிச் சொல்லும்? ஆனா டபிள்யூபிஏ3? நான் இந்த ஒப்பந்தப்படிதான் பேசுவேன்னு போன் காத்துல சொல்லிக்கிட்டே இருக்கு. லேப்டாப் அதைக் கேக்குது. தன்னால அது முடியாதுன்னும் அதுக்குத் தெரியும். "உங்க போன்ல பாதுகாப்பை டபிள்யூபிஏ2க்கு மாத்துங்க"ன்னு ஒரு வரி எழுத என்ன கேடு? போனாவது சொல்லலாம்ல, "பழைய கருவி இருந்தா 2.4 போடுங்க"ன்னு? அந்த ஒரு வரி இல்லாததோட விலை என் கேஸ்ல 1,800 ரூபாய் ஆகியிருக்கும். காசு இருக்கிறவனுக்கு "முடியவில்லை"ன்னா புது லேப்டாப். இல்லாதவனுக்கு, படிப்பு நின்ன மாதிரிதான். செட்டிங்ஸ்ல இருக்கிற வார்த்தையாவது நமக்குப் புரியுதா? தமிழுக்கு மாத்தினா இன்னும் மோசம், எதை எதுன்னு கண்டுபிடிக்க மறுபடி இங்கிலீஷுக்குத்தான் மாத்தணும்.

எங்க தெருவுலயே இதே அரசு லேப்டாப் மூணு பரண்ல கிடக்கு. "வைஃபை போயிடுச்சு"ன்னுதான் மூணு வீட்லயும் சொன்னாங்க. ஒண்ணை இறக்கிப் பாத்தேன், அதே 2.4 கதை, இப்ப அந்த வீட்டுப் பொண்ணு டேலி கத்துக்குது. இன்னொண்ணு நிஜமாவே கார்டு போனது. அதுக்கு 300 ரூபாய்க்குக் கிடைச்ச குட்டி யூஎஸ்பி வைஃபை போட்டோம். மூணாவது வீட்ல பரண்ல ஏற விடல.

பழசைக் கட்டிட்டு அழாதேங்கிறவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. அக்கா லேப்டாப்ல 11 ஏறாது. அடுத்தவங்க கணக்கை வெச்சிருக்கிற மெஷின்ல இதை லேசா எடுத்துக்கக் கூடாது, ஒத்துக்கிறேன். 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ தரோம்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம். ஆனா பழசை எப்ப மாத்தணும்னு நான் யோசிச்சு முடிவு பண்ணணும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ல இருக்கிற ஒரு பட்டன் எனக்காக முடிவு பண்ணக் கூடாது. அதுவும் 20ஆம் தேதி சாயங்காலம்!

பி.கு. 1: இவ்வளவும் எழுதினப்புறம் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு நண்பன் சொன்னான்: "லூசு, சார்ஜர் கேபிளை லேப்டாப்ல சொருகி போன்ல யூஎஸ்பி டெதரிங் போட்டிருந்தா அப்பவே நெட் வந்திருக்கும்டா". போட்டுப் பாத்தேன். வந்துச்சு. அலைவரிசையும் வேணாம், டபிள்யூபிஏவும் வேணாம், போன் சார்ஜும் ஏறுது. நற நற.

பி.கு. 2: கேபிள் போட்டும் வரலன்னா கேபிளை மாத்திப் பாருங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்னு ஒண்ணு விக்கிறாங்க, அதுல டேட்டா போற கம்பியே கிடையாது. எங்க வீட்ல இருக்கிற மூணுல ரெண்டு அந்த ஜாதிதான். அப்புறம் லேப்டாப்ல அந்த இணைப்பை "மீட்டர்டு"னு குறிச்சு வெச்சுடுங்க. இல்லன்னா அப்டேட்ங்கிற பேர்ல உங்க ஒன்றரை ஜிபியை ராத்திரி எட்டு மணிக்கே முழுங்கிடும், அம்மாவுக்கு சீரியல் பாக்க மிச்சம் இருக்காது.